டிவிடி ரைட் பண்ணப் போன டாக்டரும் ஒரு பிட்ரேட் எர்ரரும்

நீண்ட பதிவு மக்களே. ஓ.பி. முடிஞ்சு சாவகாசமா உக்காந்து எழுதறேன். நீங்களும் சாவகாசமா படிங்க.

இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. (சத்தியமா சொல்ல முடியாது, நடுவுல கொஞ்சம் எட்டிப் பாக்கும். தொழில் புத்தி.)

வீட்டுப் பரண்ல பழைய வீடியோ கேசட் வச்சிருக்கறவங்களுக்கும், அதை டிவிடி-யா மாத்தப் போய் "வீடியோ பிட்ரேட் அதிகமா இருக்கு"ன்னு கம்ப்யூட்டர் அடம்பிடிச்சு நொந்து போனவங்களுக்கும்தான் இந்தப் பதிவு.

"இந்தக் காலத்துல யாரு சார் டிவிடி பாக்கறா?"ன்னு கேப்பீங்க.

எங்க அம்மா பாக்கறாங்க.

அம்மாவுக்கு 76 வயசு. ரெண்டு வருஷமா மறதி. சாவியை எங்க வச்சேன்னு தேடற மறதி இல்ல. சாப்பிட்டு முடிச்ச அரை மணி நேரத்துல "இன்னும் இலை போடலையா?"ன்னு கேக்கற மறதி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பாத்து நரம்பியல் நண்பர் 'அல்சைமர்'னு சொன்னப்போ எனக்கு அதிர்ச்சி இல்ல. டாக்டரா எனக்கு ஆறு மாசம் முன்னாடியே தெரியும். மகனாத்தான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்.

(இங்க ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். வீட்ல பெரியவங்களுக்கு மறதி ஆரம்பிச்சா "வயசாச்சு, அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளோட பக்கவிளைவு, இதனாலயும் மறதி வரும். அதுல பலதைச் சரி பண்ணலாம். முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.)

இந்த நோய்ல நேத்து நடந்ததுதான் முதல்ல அழியும். முப்பது வருஷத்துக்கு முன்ன நடந்தது ரொம்ப நாள் தங்கும். கை பழகின வேலைகளும் அப்படித்தான். எங்க அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவியில ஒண்ணும் புரியல. அந்த மெனுவைப் பாத்தாலே முகம் சுருங்கிடும். ஆனா அப்பா எப்பவோ வாங்கின டிவிடி பிளேயரைப் போட்டுப் பாக்க மட்டும் இன்னும் தெரியும். அதுல யூ.எஸ்.பி. ஓட்டையெல்லாம் கிடையாது. தட்டைத் தள்ளணும், ரிமோட்ல ஒரு பட்டனை அழுத்தணும், அவ்வளவுதான். அந்தப் பட்டன் மேல ஒரு துண்டு மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கேன். விரல் தானா அங்க போயிடும்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு.

போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடைச்சுது. மேல அப்பா கையெழுத்துல "புதுமனை + வீடு" அப்படின்னு. 1993-ல நாங்க வீடு கட்டிப் புதுமனை புகுவிழா நடத்தினப்போ எடுத்தது. முதல் நாப்பது நிமிஷம் வீடியோக்காரர் எடுத்தது. ரோஜாப்பூ பறக்கும், திரை சுழலும், உங்களுக்கே தெரியும். மீதி 55 நிமிஷம், வெளிநாட்டுல இருந்து வந்த சித்தப்பாவோட கேமராவைக் கடன் வாங்கி அப்பாவே எடுத்தது. கேசட்ல மிச்சம் இருந்த இடத்துல அதையும் ஏத்தி வச்சிருக்கார். மனுஷன் எதையும் வீணாக்க மாட்டார்.

அந்த 55 நிமிஷத்துல அப்பா ஒரு இடத்துலகூடத் தெரிய மாட்டார். கேமரா பின்னாடி இருந்து குரல் மட்டும் வரும்.

எங்க ஊர்ல ஒரு ஸ்டுடியோவுல கொடுத்து கேசட்டை ஃபைலா மாத்தி வாங்கினேன். மொத்தம் 95 நிமிஷம், கிட்டத்தட்ட 11 ஜிபி. அதை டிவிடி ஆக்கறது நம்ம வேலை. ஞாயித்துக்கிழமை மதியம் ஆரம்பிச்சேன். சாயங்காலம் அம்மா கையில டிஸ்க்கைக் கொடுத்துடலாம்னு ஒரு நம்பிக்கை.

ஆத்தரிங் சாஃப்ட்வேர்ல ஃபைலை இழுத்துப் போட்டதும் முதல் எர்ரர். பிட்ரேட் அதிகமா இருக்காம், ஏத்துக்க மாட்டேன்னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. ஃபைல் எம்பெக்-2. டிவிடி-யும் எம்பெக்-2. படம் 720-க்கு 576. நம்ம ஊர் பால் டிவிடி-க்கும் அதே அளவுதான். அப்புறம் என்ன வம்பு?

ஃபைலோட ஜாதகத்தைப் பாக்க 'மீடியாஇன்ஃபோ'ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல போட்டுப் பாத்தா "15 எம்பிபிஎஸ்"னு காட்டுது. நான் அஞ்சரை வருஷம் படிச்ச எம்பிபிஎஸ் வேற, இது வேற. இது ஒரு செகண்டுக்கு எத்தனை மெகாபிட் ஓடுதுங்கற கணக்கு. குழப்பம் வேண்டாம், இனிமே மெகாபிட்னே சொல்றேன்.

பிட்ரேட்டுன்னா என்னன்னு எங்க வார்டு பாஷையில சொல்றேன். குளுக்கோஸ் பாட்டில் பாத்திருப்பீங்க. 500 மில்லியை நாலு மணி நேரத்துல ஏத்தணும்னா, ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழற செட்டுல, நிமிஷத்துக்குச் சுமாரா 42 சொட்டு ஓடணும். பாட்டில்தான் டிஸ்க். டியூப்தான் பிளேயர். சொட்டு வேகம்தான் பிட்ரேட். வேகம் கம்மியானா படம் கட்டம் கட்டமா உடையும். அதிகமானா டியூப் தாங்காது.

எம்பெக்-2 தரத்துல, சாதாரண டிவி அளவுப் படத்துக்கு 15 மெகாபிட் வரைக்கும் அனுமதி உண்டு. ஸ்டுடியோக்காரர் நல்ல மனசோட அந்த உச்சத்துல வச்சுக் கொடுத்துட்டார். அவர் மேல தப்பே இல்ல. பத்திரமா வச்சுக்க அதுதான் நல்லது. ஆனா டிவிடி-க்குச் சட்டம் வேற. வீடியோ மட்டும் 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் எல்லாம் சேத்து 10.08-ஐத் தாண்டக் கூடாது.

இந்த ரெண்டாவது கணக்கை நான் அப்ப கவனிக்கல. அங்கதான் அடுத்த அடி விழுந்துச்சு.

சரி, மறுபடி என்கோட் பண்ணுவோம்னு உக்காந்தேன். சராசரி 5, உச்சம் 9.8-ன்னு வச்சேன். அப்பா குரலாச்சே, ஆடியோல கை வைக்க வேண்டாம்னு சுருக்காத பி.சி.எம். ஆடியோவா விட்டேன். ரெண்டு மணி நேரம் லேப்டாப் விசிறி கத்துச்சு. முடிச்சுட்டு உள்ள போட்டா, மறுபடியும் பிட்ரேட் அதிகம்.

சராசரி அஞ்சுதானய்யா வச்சேன்!

இங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கறாங்க. சாஃப்ட்வேர் சராசரியை மட்டும் பாக்கறது இல்ல. ஃபைலோட தலைப்புல "என் உச்ச வேகம் இவ்வளவு"ன்னு ஒரு எண் எழுதியிருக்கும், பல மென்பொருள்கள் அதைத்தான் பாக்கும். என் ஃபைல்ல 9.8. பி.சி.எம். ஆடியோ ஸ்டீரியோவுல 1.536 மெகாபிட் சாப்பிடும். கூட்டினா 11.3. வரம்பு 10.08. வீடியோவைத் தனியா பாத்தா ஃபிட்டு, ஆடியோவைத் தனியா பாத்தா ஃபிட்டு, ஒண்ணா சேத்தா ஃபெயில். எங்க தொழில்ல இதை மருந்துகளோட எதிர்வினைன்னு சொல்லுவோம்.

அதுக்கு வைத்தியம் சுலபம். ஆடியோவை டால்பி ஏசி-3 ஆக்கி 192 கிலோபிட்ல வச்சா போதும். பேச்சுக் குரலுக்கு அது தாராளம். கேசட் ஆடியோவே இரைச்சல்தான், அதுல இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. 9.8-ம் 0.192-ம் சேர்ந்து 9.99. வரம்புக்குள்ள வந்துடுச்சு. சராசரியையும் கொஞ்சம் ஏத்தி 5.5 ஆக்கினேன்.

இந்தச் சராசரியை எப்படி முடிவு பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு: சாதாரண டிவிடி 4.7 ஜிபி. பிட் கணக்குல 37,600 மெகாபிட். அதை உங்க வீடியோவோட மொத்த செகண்டால வகுங்க. என்னோடது 95 நிமிஷம், அதாவது 5,700 செகண்ட். 6.6 வருது. அதுல ஆடியோவைக் கழிச்சு, இன்னும் கொஞ்சம் இறக்கி வச்சுக்கங்க. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படும். விளிம்பு வரைக்கும் ரொப்பினா பழைய பிளேயர்கள் அந்தக் கடைசிப் பகுதியில தடுமாறும்.

இந்தத் தடவை எர்ரர் இல்ல. டிஸ்க் ரெடி. லேப்டாப்ல நல்லா ஓடுச்சு. ராத்திரி எட்டு மணி. அம்மாவை உக்கார வச்சு பிளேயர்ல போட்டேன். பிளாஸ்திரி ஒட்டின பட்டனை அவங்களே அழுத்தினாங்க.

அந்த நாப்பது நிமிஷத்தை நான் எப்படிச் சொல்றது. "அதோ பெரியத்தை", "அந்தப் புடவை சந்தன கலர், இதுல தெரியல", "ஐயருக்கு தட்சணை பத்தலைன்னு உங்கப்பா உள்ள வந்து கேட்டார்". காலையில என்ன டிபன் சாப்பிட்டோம்னு தெரியாதவங்க, 1993-ல யாரு மொய் எவ்வளவு வச்சாங்கன்னு சொல்றாங்க.

வீடியோக்காரர் பகுதி முடிஞ்சுது. நாப்பத்தோராவது நிமிஷம் படம் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. கட்டம் கட்டமா ஒரு திரை. டர்ர்ர்ன்னு ஒரு சத்தம்.

அம்மா கையில ரிமோட். பட்டனை அழுத்தினாங்க, திரும்பத் திரும்ப அழுத்தினாங்க. கை நடுங்குது. "நான் என்னத்தையோ பண்ணிட்டேன். உங்கப்பா வாங்கினதை ஒடைச்சுட்டேன்."

"இல்லம்மா, டிஸ்க்குல கோளாறு"ன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்கல. மறுநாள் காலையில ரிமோட்டைக் காணோம். தேடினா, பழைய துண்டுல சுத்தி பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்காங்க. தொடவே மாட்டேன்னுட்டாங்க.

அந்த நோயில மீதி இருக்கற தன்னம்பிக்கை எவ்வளவு மெல்லிசுன்னு பாடமா படிச்சவன்தான் நான். டெஸ்ட் பண்ணாம நேரா அம்மா கையில கொடுத்தது என் தப்பு.

சரி, இனிமே டாக்டர் மாதிரி யோசிக்கலாம்னு உக்காந்தேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா லென்ஸ்ல தூசி, டிஸ்க்குல கீறல்னு சந்தேகப்படலாம். இது மூணு தடவையும் அதே நாப்பத்தோராவது நிமிஷம். டிஸ்க் மோசமோன்னு வேற டிஸ்க்ல ரைட் பண்ணேன். அதே இடம். கடையில வாங்கின சினிமா டிவிடி நல்லா ஓடுது. அப்ப பிளேயர் மேலயும் குத்தம் இல்ல. நோய் ஃபைல்ல, அதுவும் அந்த ஒரு இடத்துல.

பிட்ரேட்டைக் கோடா வரைஞ்சு காட்டற மென்பொருள் இருக்கு. அதுல போட்டுப் பாத்தேன். நம்ம ஈ.சி.ஜி. மாதிரி ஒரு கோடு. அஞ்சு, ஆறு, அஞ்சுன்னு சமத்தா போயிட்டு இருக்கு. நாப்பத்தோராவது நிமிஷத்துல செங்குத்தா ஒரு மலை, உச்ச வரம்பைத் தொட்டு சில செகண்ட் அப்படியே நிக்குது.

சுகர் நோயாளிங்க சில பேர் வருவாங்க. மூணு மாசச் சராசரி எச்பிஏ1சி 6.8. "பாருங்க டாக்டர், கன்ட்ரோல்ல இருக்கு"ன்னு பெருமையா சொல்லுவாங்க. நாள் முழுக்க அளந்து பாத்தா ராத்திரி 50, மத்தியானம் 300. சராசரி அழகா இருக்கும், ஆனா ஆள் ராத்திரி மயங்கி விழுவார். என் டிவிடி-யும் அதே கேஸ்தான்.

அந்த இடத்துல அப்படி என்ன இருக்குன்னு ஃபிரேம் ஃபிரேமா பாத்தேன். வீடியோக்காரர் பகுதி முடிஞ்சு அப்பா பகுதி ஆரம்பிக்கற சந்து. திரை முழுக்கப் புள்ளி. அந்தக் காலத்து டிவியில ஸ்டேஷன் முடிஞ்சதும் கொதிக்கற சாதம் மாதிரி வருமே, அது. அதுக்கப்புறம் படம் ஓடி, சாஞ்சு, ஒரு வழியா நிலைக்கு வருது.

வீடியோவைச் சுருக்கற கணக்கே, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன ஒத்துமைன்னு தேடி, வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கறதுதான். சுவர் அசையாது, அதனால சுவருக்குச் செலவே இல்ல. ஆனா இந்தப் புள்ளிக் கூட்டத்துல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒத்துமையே கிடையாது. எல்லாத்தையும் முழுசா எழுதணும். கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத இடம்தான் பிட்டை அதிகமா தின்னும்.

பிளேயர் ஏன் உறைஞ்சுது? பழையபடி குளுக்கோஸ் செட்டுக்கு வாங்க. பாட்டிலுக்குக் கீழ ஒரு சின்ன அறை இருக்கும், பாதி ரொம்பியிருக்கும். மேலேருந்து சொட்டு கொஞ்சம் தவறினாலும் அந்த இருப்பு சமாளிக்கும். வீடியோவுக்கும் அப்படி ஒரு பஃபர் உண்டு. டிவிடி தரத்துல அது 18,35,008 பிட், அதாவது 224 கேபி. உச்ச வேகத்துல ஓடும்போது அது ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்குகூடத் தாங்காது. நாலஞ்சு ஃபிரேம், அவ்வளவுதான். கடையில விக்கற அச்சு டிஸ்க்கைவிட நாம ரைட் பண்ற டிஸ்க் ஒளியைக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும். பழைய லேசர் ஒரு இடத்தை ரெண்டு தடவை படிக்க வேண்டி வந்தா, அதுக்குள்ள அறை காலி. சட்டப்படி 9.99 பாஸ்தான். எங்க வீட்டு வயசான பிளேயருக்கு அது ஆகல. புத்தகத்துல எழுதின உச்ச டோஸை 80 வயசுக்காரருக்கு எழுத மாட்டோம்ல?

அதனால உச்சத்தை 8-க்கு இறக்கினேன். சராசரி 5.5. ரெண்டு பாஸ் என்கோட். பஃபர் அளவை அந்த 1835 கிலோபிட்னு மறக்காமக் குறிச்சேன், அதை விட்டுட்டா உச்ச வரம்பு வச்சும் புண்ணியம் இல்ல. (எஃப்எஃப்எம்பெக் தெரிஞ்சவங்களுக்கு: அதுல 'பால் டிவிடி'ன்னு டார்கெட் கொடுத்தா சராசரி 6, உச்சம் 9, பஃபர் எல்லாம் தானே எடுத்துக்கும். உச்சத்தை மட்டும் நீங்க இறக்கிக்கலாம்.)

கூடவே அந்தப் புள்ளிக் கூட்டத்தையும் வெட்டித் தள்ளிடலாம்னு நினைச்சேன். பத்துப் பன்னெண்டு செகண்ட் குப்பைதானே.

வெட்டப் போறதுக்கு முன்னால எதுக்கும் ஒரு தடவை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன்.

முதல்ல வெறும் இரைச்சல். படம் ஓடிட்டு இருக்கற அந்த அஞ்சாறு செகண்டுல, திரையில ஒண்ணும் தெரியாத அந்த நேரத்துல, குரல் மட்டும் தெளிவா வருது.

"ஓடுதா இது? சிவப்பு லைட் எரியுதே... இந்தா, இங்க பாரு. கொஞ்சம் சிரி."

அப்பா.

ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்தேன்.

வெட்டல. படத்தை மட்டும் எடுத்துட்டு அந்தப் பன்னெண்டு செகண்டுக்கும் கறுப்புத் திரை போட்டேன். ஆடியோ அப்படியே இருக்கட்டும். கறுப்புக்கு பிட் செலவு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, எல்லா ஃபிரேமும் ஒண்ணுதானே. மறுபடி என்கோட் பண்ணிக் கோட்டைப் பாத்தேன். மலை இருந்த இடத்துல பள்ளம்.

இந்தத் தடவை அவசரப்படல. முதல்ல அழிச்சு எழுதற ஆர்.டபிள்யூ. டிஸ்க்ல போட்டு, அம்மா மத்தியானம் தூங்கற நேரத்துல அவங்க பிளேயர்லயே 95 நிமிஷமும் உக்காந்து பாத்தேன். எங்கயும் நிக்கல. அப்புறம் நல்ல டிவிடி-ஆர் வாங்கி, வேகத்தைக் குறைச்சு 4 எக்ஸ்ல ரைட் பண்ணி, ஃபைனலைஸ் பண்ணி முடிச்சேன். அவசரத்துல 16 எக்ஸ் போடாதீங்க. மிச்சமாகிற அஞ்சு பத்து நிமிஷத்துல நீங்க ஒண்ணும் சாதிக்கப் போறதில்ல.

ரிமோட்டைத் திருப்பி வாங்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. "எனக்கு வேண்டாம்பா, கெட்டுப் போயிடும்"னே சொல்லிட்டு இருந்தாங்க. நாலஞ்சு நாள் நானே போட்டு விட்டேன். அவங்க பக்கத்துல ரிமோட்டைச் சும்மா வச்சேன், எடுங்கன்னு சொல்லல. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ நான் ஃபோன் பேச வெளிய போயிட்டு வந்தப்போ டிவியில புதுமனை ஓடிட்டு இருக்கு. விரல் பிளாஸ்திரி மேல.

இப்ப தினமும் சாயங்காலம் ஒரு ஷோ. நாப்பத்தோராவது நிமிஷம் திரை கறுப்பாகும்போது எனக்கு இன்னும் வயித்துல ஒரு பிடி பிடிக்கும். அம்மாவுக்கு அந்தப் பயம் இல்ல. இருட்டுல அந்தக் குரல் வரும். "கொஞ்சம் சிரி"ன்னதும் இவங்க முந்தானையைச் சரி பண்ணிக்குவாங்க. படம் வரும்போது அங்கயும் அதையேதான் பண்ணிட்டு இருப்பாங்க.

நோய் இதனால நிக்காது. மாத்திரை தனியா போயிட்டுத்தான் இருக்கு. யாரும் "டிவிடி பாத்தா அல்சைமர் சரியாகுமா டாக்டர்?"னு கமெண்ட்ல கேக்காதீங்க. ஆகாது.

கேசட் வச்சிருக்கறவங்க தள்ளிப் போடாதீங்க. காந்த நாடா வருஷா வருஷம் மங்கும், நம்ம ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடிச்ச கேசட்டை வி.சி.ஆர்ல போட்டா அது ஹெட்டையும் கெடுக்கும், அடுத்த கேசட்டையும் கெடுக்கும், அதனால முதல்ல சுத்தம் பண்ணச் சொல்லுங்க. டிவிடி-யும் நிரந்தரம் இல்ல. அந்த 11 ஜிபி ஒரிஜினல் ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல தனித்தனியா வச்சிருக்கேன், ஒண்ணு தங்கச்சி வீட்ல.

அடுத்தது தங்கச்சி கல்யாண கேசட். மூணு மணி நேரம் ஓடுது. ஒரே டிஸ்க்ல அடைச்சா 3.4 மெகாபிட்தான் வரும், நாதஸ்வரக்காரர் முகமே கட்டம் கட்டமா போயிடும். ரெண்டு டிஸ்க்கா பிரிக்கப் போறேன். தாலி கட்டறதுக்கு முன்னால பிரிக்கறதா, பின்னால பிரிக்கறதான்னுதான் வீட்ல பஞ்சாயத்து.